பூட்டு ஏழு லீவர் சரி, கொண்டி எந்த ஆணியில் நிற்கிறது?

கேள்வி: கோத்தகிரியில் பழைய ஓட்டு வீடு. மகள் பிரசவத்துக்காக ஜனவரியிலிருந்து மூன்று மாதம் கோவையில் இருக்கப் போகிறோம். கடைக்காரர் ஏழு லீவர் பூட்டும் நான்கு கேமரா செட்டும் வாங்கச் சொல்கிறார். இரண்டுக்கும் பணமில்லை. எதை முதலில் வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போங்கள்.

லீவர் என்பது பூட்டுக்குள் இருக்கும் தகடு. எண்ணிக்கை கூடக் கூட, கள்ளச்சாவி போட்டோ கம்பியை விட்டோ திறப்பது கஷ்டம். ஆனால் ஆளில்லாத வீட்டுக்கு வருகிறவன் அவ்வளவு மெனக்கெட மாட்டான். கடப்பாரையைக் கொண்டிக்குள் கொடுத்து ஒரே நெம்பு. பூட்டு பூட்டியபடியே கொண்டியோடு கழன்று வந்துவிடும். முக்கால் அங்குல ஆணியில் நிற்கும் கொண்டியில் ஏழு லீவர் தொங்கினால் என்ன, பத்து லீவர் தொங்கினால் என்ன? கொண்டியை மாட்டிய பிறகும் ஸ்குருத் தலைகள் வெளியே தெரிந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கதவைத் துளைத்து, உள்பக்கம் நட்டு போட்டு இறுக்குகிற போல்ட்தான் வேண்டும்.

நம் மலைக்கென்று இன்னொரு தொல்லை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவு உப்பி நிலையில் இடிக்கும். தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிடுவோம். தை பிறந்து காய்ந்ததும் அதே கதவு சுருங்கி, சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி விழும். கடப்பாரை நுனிக்கு அது தாராளம். கதவைச் சாத்திப் பூட்டி, இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவிலேயே பதித்த பூட்டு என்றால் அதன் நாக்கு நிலைக்குள் அரை அங்குலமாவது போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் நிலையோரம் ஒரு சட்டம் அடித்து இடைவெளியை அடையுங்கள். நீங்கள் கிளம்புவதே ஜனவரியில் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அப்புறம் கூரை. சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்பக்க மேடும் ஓடும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்கும். மேட்டில் நின்று கூரையில் கால் வைக்கலாம், நாலு ஓட்டை எடுத்தால் சமையலறை. அந்த இடத்தில் மட்டும் ஓட்டுக்குக் கீழே கம்பி கிரில் போட்டால் போதும். ஏணி, கடப்பாரை, மண்வெட்டியை விறகுக் கொட்டகையில் விட்டுப் போகாதீர்கள். வருகிறவனுக்கு நாமே சாமான் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கேமராவை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரவில் அது தன் அகச்சிவப்பு விளக்கை நம்பித்தான் பார்க்கிறது. மூடுபனி இறங்கினால் அந்த வெளிச்சம் பனியிலேயே பட்டுத் திரும்பி, படம் முழுக்கப் பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். வாங்குவதாக இருந்தால் ஒன்று போதும். தாழ்வாரத்தின் அடியில் வையுங்கள், வெளிச்சத்துக்குத் தனி விளக்கைத் தள்ளிப் போடுங்கள். மின்சாரம் போனால் மோடமும் சேர்ந்து அணைந்துவிடும், அதற்கும் பேட்டரி வேண்டும்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஒரு மார்கழி இரவில் என் வீட்டு வாசலிலேயே அரை மணி நேரம் சாவியோடு மல்லுக்கட்டிய அனுபவத்தில் சொல்கிறேன். பென்சில் முனையைச் சுரண்டிய தூள் போதும்.

கிளம்பும் முன் காவல் நிலையத்தில் தேதியோடு எழுதிக் கொடுங்கள். வீட்டில் எண்ணெய், வெல்லம் வைக்க வேண்டாம். கரடி வந்தால் தாங்குகிற பூட்டு எதையும் என்னால் சிபாரிசு செய்ய முடியாது.

கேள்வி: குன்னூரில் வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கியிலேயே இன்சூரன்ஸும் எடுக்க வைத்தார்கள். போன மாதம் வீட்டில் நகை திருடு போனது. திருட்டு இதில் சேராது என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: கசப்பாக இருந்தாலும், பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். பாலிசியின் பெயரைப் பாருங்கள். 'பாரத் கிருஹ ரக்ஷா' என்றிருந்தால், அது 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரி தரும் பாலிசி. தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு போன்றவற்றுக்கானது. திருட்டு என்ற சொல் அதில் வரும், ஆனால் அந்த மாதிரி விபத்து நடந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும். மற்றபடி கன்னமிடும் திருட்டுக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். பாலிசியோடு திருட்டுப் பிரிவும் சேர்த்து வாங்கியிருக்கிறீர்களா என்று அட்டவணைப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

புதிதாக எடுப்பவர்கள் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் பணம் என்பது ஒன்று. பூந்தொட்டிக்கு அடியில் வைத்த சாவியால் திறந்தால் சிக்கல்தான். வீடு தொடர்ந்து இத்தனை நாள் பூட்டியிருந்தால் காப்பு இல்லை என்பது இன்னொன்று. பல பாலிசிகளில் இது 30 நாள். கோவைக்குப் போகிறவரும் இதைக் கவனிக்கட்டும், முன்கூட்டியே நிறுவனத்துக்கு எழுதிச் சம்மதம் வாங்கலாம்.

கேள்வி: கேமரா வாங்கி நாலு மாதத்தில் உள்ளே ஈரம் கோத்துவிட்டது. விற்றவர் கோவைக்காரர், 'இங்கே வந்துதான் பார்க்கணும்' என்கிறார். நான் இருப்பது ஊட்டியில்.

பதில்: வழக்குக்காகக் கோவை போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் பதிவு செய்யுங்கள். பில்லும் வாரன்டி கார்டும் கையில் இருக்கட்டும். பெட்டியில் ஐபி66 என்றோ ஐபி67 என்றோ அச்சிட்டிருந்தால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே போகாது என்று அவர்களே எழுதிக் கொடுத்த மாதிரிதான் அது.