விரைவுப் பாஸ் ஆட்டத்தில் எந்தக் கவரேஜுக்கு எந்த ரூட்?

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பாலில் ஹிட்ச், ஸ்லான்ட், ஸ்டிக் மாதிரியான மூன்று காலடி பின்வாங்கி எறியும் பாஸ்களை எந்தக் கவரேஜுக்கு எதிராக ஆட வேண்டும்? கவர் 2-க்கு இது, கவர் 3-க்கு இது என்று ஒரு பட்டியல் கிடைக்குமா?

பட்டியல் போடலாம். ரூட் என்பது ரிசீவர் ஓடும் பாதை. கவரேஜ் என்பது பாஸைத் தடுக்க எதிரணி காவலைப் பிரித்துக்கொள்ளும் முறை; கவர் 2, கவர் 3 என்ற எண் ஆழத்தைக் காப்பவர்கள் எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது. ஆனால் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) களத்தில் திணறிப்போவார். ஸ்னாப்புக்கு முன் கவர் 2 மாதிரி நின்றுவிட்டு, ஸ்னாப் ஆகி, அதாவது பந்து பின்னால் வந்ததும் கவர் 3-ஆகச் சுழல்வது என்.எஃப்.எல். தொழில்முறை லீகிலும் கல்லூரி ஆட்டத்திலும் அன்றாட வழக்கம். விரைவுப் பாஸில் பந்து கையில் இருப்பது ஒன்றரை நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி. அதற்குள் பதினொரு பேரை யாரும் படிக்க முடியாது. ஒருவரைப் படிக்கலாம். அந்த ஒருவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் கவரேஜின் பெயர் நமக்குத் தேவைப்படுகிறது.

பெரும்பாலும் அவர் ஃபிளாட்டைக் காப்பவர். ஃபிளாட் என்பது பக்கக் கோட்டை ஒட்டி, பந்து வைக்கப்படும் ஸ்க்ரிமேஜ் கோட்டிலிருந்து ஐந்தாறு யார்டுக்குள் இருக்கும் இடம். கவர் 3-இல் அதைக் காப்பவர் ஸ்லாட் (உள் ரிசீவர்) பக்கம் நிற்கும் லைன்பேக்கர் (நடுவரிசைத் தடுப்பாளர்) அல்லது கீழே இறங்கி வந்த சேஃப்டி (கடைசி வரிசைக் காவலர்). கவர் 2-இல் வெளி ரிசீவருக்கு எதிரே நிற்கும் கார்னர்பேக்கே காப்பார். கவர் 4-இல் வெளி லைன்பேக்கர் உள்ளிருந்து ஓடி வந்து காக்க வேண்டும்; அதனால் எப்போதும் கொஞ்சம் தாமதமாவார். மேன் கவரேஜில் ஃபிளாட்டுக்கென்று தனி ஆளே கிடையாது. அவரவர் ஆளை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஸ்னாப்புக்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகளை எண்ணுங்கள். நடுவில் ஒருவர் என்றால் கவர் 1 அல்லது கவர் 3. இருவர் என்றால் கவர் 2, கவர் 4, அல்லது இருவர் ஆழத்தில் நிற்க மற்றவர்கள் ஆளைப் பிடிக்கும் 2-மேன். யாருமே இல்லையென்றால் கவர் 0, பிளிட்ஸ் (வழக்கத்துக்கு மேல் ஆட்கள் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது) வருகிறது. அடுத்து கார்னரின் ஆழமும் கண்ணும். ஏழெட்டு யார்டு தள்ளி நின்று குவார்ட்டர்பேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஜோன், அதாவது ஆளை அல்ல, இடத்தைக் காப்பது. ரிசீவரின் இடுப்பைப் பார்த்தால் மேன். கடைசியாக, ஒரு ரிசீவரைக் குறுக்கே நகர்த்திப் பாருங்கள். ஒரு டிஃபெண்டர் அவர் கூடவே ஓடினால் பெரும்பாலும் மேன்தான். இந்த மூன்றில் சேஃப்டிகளின் நிலைதான் அதிகம் ஏமாற்றும். ஆகவே ஸ்னாப் ஆனதும் முதல் அரை நொடி கண் சேஃப்டி மேல் இருக்கட்டும், பிறகு ஃபிளாட் காப்பவருக்கு வரட்டும்.

கால் வேலையில் தவறினால் ரூட் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரிடம் ஒட்டி நின்று நேரடியாக வாங்கினால் மூன்று காலடி. மூன்றாவது அடி தரையில் ஊன்றியதும் பந்து போய்விட வேண்டும், கூடுதலாக ஒரு குதிப்புக்கூட இல்லை. ஷாட்கன்னில் நிற்கும்போதே ஐந்து யார்டு பின்னால் இருப்பதால் ஒரு பெரிய அடியும் ஊன்றலும் போதும். ஷாட்கன்னிலும் பழைய மூன்று அடியை முழுசாகப் போட்டுவிட்டு, ‘ரிசீவர் சீக்கிரம் திரும்பிவிட்டார்’ என்று அவரைக் குறை சொல்வது பயிற்சியில் அடிக்கடி நடக்கிறது. அங்கே திருத்த வேண்டியது குவார்ட்டர்பேக்கின் கால்களை.

இனி ரூட்டுகள். எல்லாவற்றிலும் எளியது ஹிட்ச். வெளி ரிசீவர் முழு வேகத்தில் ஆறு யார்டு ஓடி, சட்டென நின்று, ஐந்து யார்டுக்குத் திரும்பி வருவார். கார்னர் தள்ளி நிற்கும் கவர் 3, கவர் 4 இரண்டுக்கும் பொருந்தும். இதோடு ஸ்லாட்டை நேராக மேலே ஓடவிட்டால் ஹிட்ச்-சீம். கவர் 3-இல் ஃபிளாட் காப்பவர் சீமோடு சேர்ந்து பின்வாங்கினால் ஹிட்ச் திறக்கும். ஹிட்ச்சை நோக்கிப் பாய்ந்தால், அவர் தலைக்குப் பின்னால், நடு சேஃப்டி வந்து சேரும் முன் சீமுக்குப் பந்து போகும். கார்னர் முன்னேறி பிரஸ் செய்தால், அதாவது ரிசீவரை நெருங்கி நின்று மறித்தால், ஹிட்ச் செத்துவிடும். அப்போது ரிசீவர் தானாகவே, பக்கக் கோட்டோரம் ஆழத்துக்கு ஓடும் ஃபேடுக்கு மாற வேண்டும். இந்த மாற்றத்தை இருவரும் ஒரே மாதிரி படிக்காத நாளில்தான் ஆளில்லாத இடத்துக்குப் பந்து பறக்கிறது. எனவே விதியை முன்பே ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்: கார்னர் ஐந்து யார்டுக்குள் நின்றால் ஃபேட், வெளியே நின்றால் ஹிட்ச்.

ஸ்லான்ட்-ஃபிளாட் ஜோடியில் வெளி ரிசீவர் மூன்று காலடி நேராகப் போய், வெளிக்காலை ஊன்றி உள்ளே வெட்டுவார். ஸ்லாட் அல்லது ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஃபிளாட்டுக்கு ஓடுவார். கவர் 3-க்கு எதிராக இதில் கணக்கு மிகத் தெளிவு. ஃபிளாட் காப்பவர் வெளியே ஓடினால் அவர் விட்டுப்போன இடத்தில் ஸ்லான்ட், நின்றுவிட்டால் ஃபிளாட். இந்த ஜோடி எங்கே கவிழும் என்பதைத்தான் பலர் சொல்வதில்லை. கவர் 4-இல் சேஃப்டி, வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது ரிசீவரைப் படிக்கிறார். அந்த ரிசீவர் ஃபிளாட்டுக்கு ஓடிவிட்டால் சேஃப்டிக்கு வேலை இல்லை. உடனே முதல் ரிசீவரின் உள்பக்கம் இறங்குவார். ஸ்லான்ட் ஓடி வரும் ரிசீவர் நேராக அவர் தோளில் போய் மோதுவார். கவர் 2-இலும் இது சுமார்தான். கார்னர் ஃபிளாட்டிலேயே உட்கார்ந்திருப்பார், உள்ளே லைன்பேக்கர் காத்திருப்பார், ஸ்லான்ட்டுக்கு இடுக்கு மட்டுமே மிஞ்சும்.

கவர் 4-க்கு இரட்டை ஸ்லான்ட் மேல். உள் ரிசீவரின் ஸ்லான்ட் வெளி லைன்பேக்கரை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அந்தப் பள்ளத்தில் வெளி ஸ்லான்ட் வரும். மேனுக்கும் இது நல்லதுதான், கார்னர் உள்பக்கம் மறித்து நிற்காத வரை. 2-மேனில் எல்லாரும் உள்பக்கம் நின்று பின்தொடர்வார்கள், தலைக்கு மேல் இரண்டு சேஃப்டிகள் உதவிக்கு இருப்பார்கள். அங்கே ஸ்லான்ட் எறிவது பந்தைக் கொடுத்துவிடுவதற்குச் சமம். வெளியே வெட்டும் ரூட்டுகளை எறியுங்கள், அல்லது குவார்ட்டர்பேக்கே ஓடட்டும். எல்லாருடைய முதுகும் அவர் பக்கம்தான் இருக்கும்.

எறியும் இடமும் கவரேஜோடு மாறும். மேனில் ஸ்லான்ட் ஓடுபவருக்கு ஓரடி முன்னே எறிந்து ஓடவிட வேண்டும். ஜோனில் அப்படி எறிந்தால் அவரை அடுத்த லைன்பேக்கரின் மேல் தள்ளுகிறீர்கள்; அங்கே பந்தை மார்பில் வைத்து அவரை நிறுத்த வேண்டும். எதிலும் உயரமாக எறியாதீர்கள். ரிசீவரின் விரலில் பட்டு மேலே எழும்பும் ஸ்லான்ட், நடுக்களத்தில் நிற்கும் எவருக்கும் கிடைக்கும்.

ஒரே ஒரு விரைவுப் பாஸ் கற்றுக்கொடுக்க நேரம் இருந்தால் நான் ஸ்டிக்கைத்தான் தேர்வேன். மூன்று ரிசீவர்கள் ஒரே பக்கம். வெளியே நிற்பவர் நேராக ஆழத்துக்கு ஓடி அந்த இடத்தைக் காலி செய்வார். நடுவில் நிற்பவர் ஃபிளாட்டுக்கு வெட்டுவார். உள்ளே நிற்பவர், பெரும்பாலும் டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நிற்கும் ரிசீவர்), ஐந்தாறு யார்டு போய் வெளியே திரும்பி நிற்பார். ஃபிளாட் காப்பவர் வெளியே ஓடினால் ஸ்டிக், நின்றால் ஃபிளாட். கவர் 2-இல் கார்னர் ஃபிளாட்டைப் பிடித்துக்கொள்வார், ஸ்டிக் உள் லைன்பேக்கருக்கும் அவருக்கும் நடுவே திறக்கும். ஜோனில் டைட் எண்ட் நின்றுவிட வேண்டும், மேனில் நிற்காமல் வெளியே ஓட வேண்டும். இந்த ஒரு முடிவுதான் முழு ஆட்டத்தையும் தாங்குகிறது. மேனில் நின்றால் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பவர் முன்னால் கையை நீட்டித் தட்டிவிடுவார். பந்து எப்போதும் வெளித்தோளுக்குப் போக வேண்டும், ஏனென்றால் மைக் (நடு) லைன்பேக்கர் உள்ளிருந்துதான் வருவார்.

ஸ்நாக் இன்னொரு முக்கோணம். ஒருவர் பக்கக் கோட்டின் ஆழ மூலைக்கு வெட்டுவார், ஒருவர் ஃபிளாட்டுக்கு, வெளி ரிசீவர் ஸ்லான்ட் மாதிரி உள்ளே வந்து ஐந்தாறு யார்டில் உட்கார்வார். கவர் 2-இல் கார்னரின் தலைக்கு மேல் ஒருவர், காலுக்குக் கீழே ஒருவர். அவர் எதை எடுத்தாலும் மற்றது நமக்கு. கவர் 3-இல் அதே முக்கோணம் ஃபிளாட் காப்பவரைப் பக்கவாட்டில் இழுக்கும்.

மேனில் ஸ்நாக்கின் ரூட்டுகள் குறுக்கே போவதால் டிஃபெண்டர்கள் முட்டிக்கொள்வார்கள். அதற்காக ரிசீவர் வேண்டுமென்றே மறிக்கப் போகக் கூடாது. என்.எஃப்.எல்.-இல் கோட்டிலிருந்து ஒரு யார்டு தாண்டி, பந்து பிடிபடும் முன் மறித்தால் 10 யார்டு அபராதம். இந்த உத்தி எங்கே உடையும் என்பதற்கு 2015 பிப்ரவரி 1 அன்று நடந்த என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் கடைசித் தருணத்தைப் பாருங்கள். ஒரு யார்டு கோட்டில் சியாட்டில் சீஹாக்ஸ், முன்பின்னாக நின்ற இரண்டு ரிசீவர்களில் பின்னால் நின்ற ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு ஸ்லான்ட் எறிந்தது. முன்னால் நின்ற ஜெர்மெய்ன் கேர்ஸ் வழியை அடைக்க வேண்டும். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் பிராண்டன் பிரவுனர் கேர்ஸைக் கோட்டிலேயே இறுக்கிப் பிடித்துவிட்டார். அடைப்பு விழவில்லை. அதே அணியின் மால்கம் பட்லருக்கு நேர்வழி திறந்தது, பந்து அவர் கைக்குப் போனது, பேட்ரியாட்ஸ் 28–24 என வென்றது. சியாட்டில் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனின் எறிதலை இன்றும் பலர் குறை சொல்கிறார்கள். அந்த ஆட்டம் கோட்டிலேயே, பந்து கையை விடும் முன்பே உடைந்துவிட்டது என்பதுதான் என் கணிப்பு.

விரைவு அவுட் ரூட்டைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஐந்து யார்டு போய் பக்கக் கோட்டை நோக்கி வெட்டுவது. தள்ளி நிற்கும் கார்னருக்கு எதிராகப் பார்க்க அழகாக இருக்கும். கல்லூரிக் களத்தில், பந்து வைக்கப்படும் இடத்துக்கு எல்லையான ஹாஷ் குறி பக்கக் கோட்டிலிருந்து 20 யார்டு. மறுபக்கக் கோடு 33 யார்டுக்கு மேல். பின்னால் நிற்கும் ஐந்து யார்டையும் சேர்த்தால், அகலப் பக்கம் ஐந்து யார்டு லாபத்துக்காகப் பந்து முப்பது யார்டுக்கு மேல் காற்றில் போக வேண்டும். கார்னருக்கு அது தாராளமான நேரம். பிடித்தால் அவருக்கு முன்னால் ஆளே இல்லை, நேராக டச்டவுன். ஆகவே இதைக் குறுகிய பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் வெட்டும் முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும். கவர் 2 தெரிந்தால் அவுட்டை மறந்துவிடுங்கள். கார்னருக்கும் சேஃப்டிக்கும் நடுவே, பக்கக் கோட்டோரம் பதினெட்டு முதல் இருபத்திரண்டு யார்டில் ஃபேடுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அங்கே எறியலாம், கார்னர் ரிசீவரை உள்ளே தள்ளிவிடாமல் இருந்தால்.

ஐந்து பேரும் ஐந்தாறு யார்டில் களத்தின் குறுக்கே பரவி நிற்கும் ஸ்பேசிங், கவர் 3-க்கென்றே பிறந்தது. கீழே காப்பவர்கள் நான்கு பேர், நாம் ஐந்து பேர். கவர் 2-இல் கீழேயும் ஐந்து பேர் என்பதால் அந்தக் கணக்கு சரியாகி, லாபம் போய்விடும்.

கவர் 0-வில் படிக்க நேரமே இல்லை. பிளிட்ஸ் எங்கிருந்து வருகிறதோ அந்தக் காலி இடத்துக்கு ஸ்லான்ட், அல்லது தனியாக நிற்கும் வெளி ரிசீவருக்கு ஃபேட். இங்கே லைன்மேன்களின் வேலை பெரியது. வழக்கம்போலப் பின்வாங்கித் தடுக்காமல் கோட்டிலேயே பாய்ந்து முட்ட வேண்டும், அல்லது விதி அனுமதிக்கும் இடத்தில் காலை நோக்கி விழ வேண்டும். நோக்கம் எதிராளியின் கைகள் கீழே இருக்க வேண்டும் என்பது. விரைவுப் பாஸ் தாழ்வாகப் போவதால், குவார்ட்டர்பேக்கை எட்ட முடியாத டிஃபென்சிவ் லைன்மேன் கையைத் தூக்கி நின்றாலே பந்து தட்டுப்படும்.

இவ்வளவும் ஒரே ஆட்டத்தில், அதாவது ஒரே பாஸ் திட்டத்தில், எப்படி அடங்கும்? ஒரு பக்கம் மூன்று ரிசீவரோடு ஸ்டிக், மறுபக்கம் இரட்டை ஸ்லான்ட். ரன்னிங் பேக் இல்லாத அமைப்பு இது. பெரிய கேள்வி எதுவும் இல்லாமல் குவார்ட்டர்பேக் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்வார். ஆழத்தில் இருவர் நின்று கார்னர்கள் கோட்டருகே இருந்தால் ஸ்டிக் பக்கம். ஒரே சேஃப்டி நின்று, ஸ்லான்ட் பக்கம் இருவருக்கு இருவர் என்று இருந்தால் ஸ்லான்ட். ஒன்றைத் தேர்ந்த பிறகு மறுபக்கம் திரும்பவே கூடாது, அதற்கு நேரம் கிடையாது.

ஸ்டிக்கும் ஃபிளாட்டும் தொடர்ந்து கிடைத்துக்கொண்டே இருந்தால் எதிரணி சும்மா இருக்காது. அடுத்து வருவது ‘ட்ராப்’, அதாவது பொறி. கார்னர் ஆழத்தில் நிற்பதுபோல் நடித்து, இரண்டாவது ரிசீவர் ஃபிளாட்டுக்கு வெட்டியதும் தன் ஆளை சேஃப்டியிடம் விட்டுவிட்டு அந்தப் பந்தின் மேல் பாய்வார். வெளி ரிசீவர் காலி செய்ய ஓடும்போது கார்னர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் அதுதான் அறிகுறி. அன்றைக்கு ஃபிளாட்டைத் தொடாதீர்கள். அதே ஆட்டத்தில் இரண்டாவது ரிசீவர் ஃபிளாட்டுக்கு மூன்றடி வைத்து, திரும்பி மேலே ஓடட்டும். கார்னர் ஏற்கெனவே கீழே இறங்கியிருப்பார், சேஃப்டி வெளி ரிசீவரோடு போயிருப்பார்.