மேற்கத்திய ஊடகங்கள் சீனாவைப் பற்றி ஒருதலைப்பட்சமாக எழுதுகின்றனவா?

சில சமயம், ஆமாம். ஆனால் திட்டமிட்ட சதி என்று சொல்லும் அளவுக்கு நான் போகமாட்டேன்.

2008 மார்ச்சில் திபெத்தின் தலைநகர் லாசாவில் சீன ஆட்சிக்கு எதிராக வெடித்த கலவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிஎன்என் இணையதளத்தில் வந்த படத்தில் ராணுவ லாரிகள் தெரிந்தன. அவற்றின் மீது கல்லெறிந்தவர்கள் இருந்த பகுதி வெட்டப்பட்டிருந்தது. ஜெர்மன் தொலைக்காட்சிகள் சில, நேபாளப் போலீஸ் போராட்டக்காரர்களை அடித்த காட்சியைத் திபெத்தில் நடந்ததாகக் காட்டின. அவற்றில் ஒன்றான ஆர்டிஎல் பிறகு வருத்தம் தெரிவித்தது. கொதித்துப்போன சீன இளைஞர்கள் 'ஆன்ட்டி-சிஎன்என்' என்று ஒரு தளமே தொடங்கினார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

சரி, ஏன் இப்படி ஆனது? விவரம் கிடைக்காத இடத்தை ஏற்கெனவே மனதில் இருக்கும் கதையை வைத்து நிரப்புவது செய்தி அறைகளின் பழக்கம். சீனா என்றால் அந்தக் கதை பெரும்பாலும் அடக்குமுறைதான் (அதில் உண்மையும் நிறைய உண்டு). அப்புறம், வெளிநாட்டு நிருபர்களைச் சீனா திபெத்துக்குள் சுதந்திரமாக விடவில்லை. கலவரம் வெடித்தபோது அனுமதியோடு லாசாவில் இருந்த வெளிநாட்டு நிருபர், பிரிட்டனின் எகானமிஸ்ட் இதழைச் சேர்ந்த ஜேம்ஸ் மைல்ஸ் மட்டுமே. சீனாவின் பெரும்பான்மை இனத்தவரான ஹான் சீனர்களின் கடைகள் குறிவைத்துத் தாக்கப்பட்டதை நேரில் பார்த்து எழுதியவரும் அவர்தான். அது, நடந்தது வன்முறைதான் என்ற பீஜிங்கின் வாதத்துக்கே வலு சேர்த்தது!