கிட்டார் ஸ்பீக்கரும் அதன் பெட்டியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை நேராக வீட்டு ஸ்டீரியோவில் கொடுத்து கிட்டார் வாசித்தேன். குளவிக்கூட்டை கலைத்த மாதிரி இரைகிறது. என் ஸ்டீரியோ 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கக்கூடியது. கிட்டார் ஸ்பீக்கரோ 5,000 வரைதான் போகுமாம். பிறகு ஏன் அதற்கு அவ்வளவு விலை? பெட்டியின் முதுகு திறந்திருந்தால் ஒரு ஒலி, மூடியிருந்தால் வேறு ஒலி என்கிறார் நண்பர். அது வெறும் மரப்பெட்டிதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஸ்டீரியோவில் கோளாறு எதுவும் இல்லை. பெடல் கொடுத்ததை அது அப்படியே ஒலிக்கிறது, அதுதான் பிரச்சினை. டிஸ்டார்ஷன் அலையின் தலையை வெட்டுகிறது. வெட்டினால் சுரத்தின் மடங்குகளாக மேல்ஒலிகள் ஏராளமாகக் கிளம்பும், 10,000 ஹெர்ட்ஸையும் தாண்டும். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 வாக்கில் சட்டென்று இறங்கிவிடுவதால் அந்த இரைச்சல் வெளியே வருவதில்லை. நீங்கள் குறையென்று நினைத்ததுதான் அதன் பெரிய குணம். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு அதன் உடல் எப்படியோ, எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஸ்பீக்கரும் பெட்டியும் அப்படி. அவை வாத்தியத்தின் பாகங்கள்.

ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலியெழுப்பும் கூம்பை, அதாவது கோனைத் தொட்டுப் பாருங்கள். மெல்லிய காகிதம், விளிம்பும் பெரும்பாலும் மடிப்பு மடிப்பான காகிதமே. தாழ்ந்த சுரங்களில் கோன் முழுதும் ஒன்றாக அசையும். மேலே போகப் போகப் பகுதி பகுதியாகப் பிரிந்து அதிரும். ஒலியை மாற்றாமல் தரவேண்டிய ஹைஃபை ஸ்பீக்கர் செய்பவர்கள் இதைத் தவிர்க்கப் பாடுபடுவார்கள். கிட்டார் ஸ்பீக்கர் செய்பவர்கள் இதை வைத்துத்தான் ஒலியையே வடிவமைக்கிறார்கள். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி தூக்கலாக எழும் மேடுதான் டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவிலும் கிட்டாரைத் தனித்துக் கேட்கவைக்கிறது.

இன்னொன்று, பெரிய காந்தமும் எடை குறைந்த கோனும் சேர்ந்தால் சத்தம் கூடும். வீட்டு ஸ்பீக்கர்கள் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் பெரும்பாலும் 90 டெசிபலை ஒட்டியே தருகின்றன. நல்ல கிட்டார் ஸ்பீக்கர் 97, 100 தரும். 3 டெசிபல் கூடுவது ஆம்பின், அதாவது ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் கருவியின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம்.

பெட்டி விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னது சரி. கோன் முன்னே தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. முதுகு திறந்திருந்தால் பின்னால் வரும் தாழ்ந்த ஒலி சுற்றிவந்து முன்னால் வருவதோடு மோதிக் கழிந்துபோகும். பேஸ் மெலியும், மேல்ஒலி பின்சுவரில் பட்டு அறையெங்கும் பரவும். மூடிவிட்டால் இப்படிக் கழிந்துபோவது இல்லை. உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்து நிறுத்தும், அடிச்சுரம் இறுக்கமாக விழும்.

இதற்கு வரலாற்றிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1950களின் இறுதியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள், திறந்த முதுகு. 1960களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் கிட்டத்தட்ட அதே சர்க்யூட்டை வைத்து ஜேடிஎம்45 ஆம்பைச் செய்தார்கள். வால்வு முதலிய சில பாகங்கள் மாறின என்பது உண்மை. ஆனால் மூடிய பெட்டியில் செலஸ்டியன் நிறுவனத்தின் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர்களோடு அது இணைந்தபோது பிறந்தது வேறொரு ஒலி. ராக் இசை அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டது.

பெட்டிக்குப் பைன் மரமா, பிர்ச் ப்ளைவுட்டா என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் உண்டு, ஆனால் ஸ்பீக்கரும் முதுகும் செய்வதோடு ஒப்பிட்டால் சிறிது. பணத்தை முதலில் ஸ்பீக்கரில் போடுங்கள். ஆம்பின் பின்னால் எழுதியிருக்கும் ஓம் (மின்தடை) அளவுக்குப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். பெட்டியை நீங்களே செய்வதென்றால் முதுகுக்கு மூன்று பலகை வைத்து, நடுப்பலகையை மட்டும் கழற்றும்படி திருகாணி போடுங்கள். இரண்டு ஒலியையும் உங்கள் காதாலேயே கேட்டுவிடலாம்.

12 அங்குல ஸ்பீக்கரின் மேல்ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராகத்தான் போகும். பெட்டி காலடியில் இருந்தால் வாசிப்பவருக்கு மங்கலாகக் கேட்கும், ட்ரெபிளைக் கூட்டுவார், எதிரே உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். குமிழைத் திருகும் முன் பெட்டியை ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்துக் கேளுங்கள்.