கண்முன்னே இருக்கும் பெயர் தேடலில் ஏன் வருவதில்லை? தரவுத்தளத்தின் எழுத்துக் குறியாக்கத்தை யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றினால் சரியாகுமா?

மாற்றுங்கள், நல்லதுதான்; ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்தன்று. எவரைக் கேட்டாலும் இந்த ஒரே வரியைச் சொல்லி அனுப்பிவிடுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்ததால்தான் இதை எழுதுகிறேன். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய யூடிஎஃப்8 குறியாக்கம் ஓர் எழுத்துக்குறிக்கு 3 பைட் வரை ஏற்கும். தமிழ்க் குறிகளும் பர்மியக் குறிகளும் ஒவ்வொன்றும் 3 பைட் கொண்டவையே ஆகையால், அவை முன்பும் பழுதில்லாமல்தான் சேமிக்கப்பட்டு வந்தன. இடமில்லாமல் போனவை 4 பைட் தேவைப்படும் இமோஜிகள்.

நீங்கள் பிஎச்பி நிரல்மொழியில் ஒரு கடைக்கான வாடிக்கையாளர் பட்டியலை எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ரங்கூனில் என் பிழைப்பும் அதுவே. பயின்னாங் மொத்தச் சந்தையில் உளுந்தும் துவரையும் விற்கும் தமிழர் மண்டி ஒன்றில், ஒரே வாடிக்கையாளர் இரண்டு பேராகப் பதிவாகி, அவருடைய பாக்கி இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடந்தது. திரையில் இரு பெயர்களும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரிந்தன. முன்பு அந்த மண்டியின் மென்பொருளைப் பராமரித்தவர்கள் பெரிய சர்வர் வாங்கச் சொல்லியிருந்தார்கள்.

உண்மையில், பர்மிய எழுத்தில் இருந்த அவ்விரு பெயர்களில் ஒன்று, யூனிகோட்டுக்கு ஒத்துவராத ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவுக்காகத் தட்டியது; மற்றது, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியெண் முறையாகிய யூனிகோட். பர்மிய ஏகாரக் குறி, நம் ஒற்றைக் கொம்பைப் போலவே, மெய்க்கு இடப்புறம் நிற்பது. யூனிகோட் அதை மெய்க்குப் பின்னும், ஸோஜி கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முன்னும் சேமிக்கின்றன. இரண்டும் ஒரே குறியெண் தொகுதியையே பயன்படுத்துவதால் தரவுத்தளத்துக்கு வேறுபாடு தெரிய வழியே இல்லை. 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோட்டுக்கு மாறுவது என்று மியான்மர் அரசு முடிவெடுத்தது. அதற்கு முன் தட்டிய பெயர்கள் தாமாக மாறிவிடவில்லை.

தமிழ் மட்டுமே வைத்திருப்பவர்களும் தப்பவில்லை. "கோபால்" என்ற பெயரில் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேமித்தால் பெயர் 18 பைட். இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகச் சேமித்தால் 21 பைட். உங்கள் மைஎஸ்கியூஎல்-இல் பைட் எண்ணிக்கையைச் சொல்லும் லெங்த் செயற்கூறைக் கொண்டு இரு வரிகளையும் அளந்து பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாதது எண்ணில் தெரிந்துவிடும். பிஎச்பி-யின் இன்டில் நீட்டிப்பில் உள்ள, இருவகைச் சேமிப்பையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நார்மலைசரை, பெயர் உள்ளே நுழையும் இடத்திலும் தேடு சொல் நுழையும் இடத்திலும், இரண்டிலும் தவறாமல் ஓட்டுங்கள்.

ஸோஜிக்கு அது போதாது. கூகுள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் நிரல் ஒரு வரி ஸோஜியாக இருப்பதற்கான நிகழ்தகவைச் சொல்லும்; ஆனால் பெயர்கள் குட்டையானவை என்பதால் அங்கேதான் அது தடுமாறும். ஆகவே பழைய பெயரை அப்படியே விட்டு, திருத்திய வடிவத்துக்குத் தனி நெடுவரிசை வைத்தேன். ஐயத்துக்குரியவற்றை மண்டிக் கணக்கப்பிள்ளை தொலைபேசி எண்ணோடு ஒப்பிட்டுத் தீர்த்தார். அந்த எண்ணும் 09 என்று தொடங்குவது. யாரோ அதை முழு எண் வகையில் வைத்து முன் சுழியத்தைத் தின்ன விட்டிருந்தார்கள். எழுத்து வகையில் வையுங்கள்.

பர்மியப் பெயர்களுக்கு மரியாதை முன்னொட்டு வேறு இருக்கிறது. இளவயதில் "கோ" போட்டுப் பதிந்தவர் வயதேறியபின் "ஊ" ஆகிவிடுவார். முன்னொட்டைத் தேடல் நெடுவரிசையில் சேர்க்காதீர்கள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. கடைசிப் பெயரைக் கட்டாயமாக்கினால் புள்ளி ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளுக்கு மாறியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று சொல்ல யாராவது வருவார்கள். ஸோஜியில் வந்த பெயரை அதுவும் வந்தபடியேதான் வைத்திருக்கும். அந்த மென்பொருளைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். வேறு வேலைகளுக்கு நானே அதைத்தான் எடுப்பேன். என் குறையெல்லாம் வணிகர்கள்மேல்தான்: புதிய திரை வடிவத்துக்குக் கேட்ட பணம் தருபவர்கள், பழைய தரவைத் துப்புரவாக்கக் காசு கேட்டால் அதெல்லாம் ஒரு வேலையா என்கிறார்கள். உங்களுக்கும் அப்படித்தான் நேரும். அதனால் இரட்டைப் பதிவுகளின் பாக்கித் தொகையை முதலில் கூட்டிக் காட்டிவிட்டு, அதன்பிறகு கூலி பேசுங்கள்.