இல்லாமல் பழகிவிட்டால் தேவை இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 64 வயது. பரணை ஒழித்தபோது, இருபதுகளில் ‘இது இல்லாமல் முடியாது’ என்று வாங்கியவற்றில் பாதி தூசி படிந்து கிடந்தன. இப்போது பிள்ளைகள் காது மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். இத்தனை நாள் அது இல்லாமல்தானே ஓட்டினேன், இதுவும் பரணுக்குத்தான் போகும் என்று தோன்றுகிறது. எது தேவை, எது ஆசை என்று வயதுக்கு வயது எப்படிப் பிரித்தறிவது?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

இரண்டையும் ஒரே கோலால் அளக்கிறீர்கள். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இளவயதில் ஆசை, தேவை வேஷம் கட்டி வரும். வயது ஏற ஏற, தேவையை ஆசை என்று சொல்லித் தள்ளிவைப்போம்.

சம்பாதிக்கத் தொடங்கியவருக்கு ஒரு நோட்டு போதும். பொருளின் பெயரை எழுதாமல், அது செய்ய வேண்டிய வேலையை எழுத வேண்டும். ‘மடிக்கணினி’ என்று எழுதினால் எந்த விலையையும் நியாயப்படுத்திவிடலாம். ‘கணக்கு எழுத, வீடியோவில் பேச’ என்று எழுதினால், தேவை எங்கே முடிந்து ஆசை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். பிறகு தேதி போட்டு 30 நாள் விட வேண்டும். அது இல்லாமல் வேலை தடைப்பட்ட ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. விளம்பரத்தைப் பார்த்து நினைவு வந்தால் கோடு கிடையாது. ஒரு கோடும் விழாவிட்டால் அடித்துவிடலாம்.

பிள்ளை ‘எல்லாரிடமும் இருக்கிறது’ என்று கேட்பதை மட்டும் அவசரப்பட்டு ஆசைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 1776இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் லினன் சட்டையைப் பற்றி இதைத்தான் எழுதினார்: கிரேக்கரும் ரோமானியரும் அது இல்லாமலே வசதியாக வாழ்ந்தார்கள், ஆனால் தன் காலத்துக் கூலித் தொழிலாளி அது இல்லாமல் வெளியே தலைகாட்டக் கூசுவார், ஆகவே அது அவசியப் பொருள் என்று. அது இல்லாததால் பிள்ளை எதில் சேர முடியவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.

உடம்பு சம்பந்தப்பட்டதற்கு 30 நாள் கணக்கு உதவாது, ஏனென்றால் இல்லாமை பழகிப்போகும். குளியலறையில் கைப்பிடி இல்லாதவர், ஈரக் கையோடு துண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பழகியிருப்பார். அந்தக் கம்பியின் திருகாணிகள் துண்டின் கனத்துக்குப் போட்டவை, ஆள் கனத்துக்கு அல்ல. இங்கே கேட்க வேண்டியது வேறு கேள்வி: இது இல்லாததால் எதையெல்லாம் விட்டுவிட்டேன்? ஃபோன் அடித்தால் அடுத்தவரை எடுக்கச் சொல்கிறீர்களா? நாலு பேர் சிரிக்கும்போது விஷயம் புரியாமலே சேர்ந்து சிரிக்கிறீர்களா? ஆம் என்றால் நீங்கள் அது இல்லாமல் ஓட்டவில்லை அம்மா, ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவே காரணமாக இருந்தால் மெஷினே வேண்டியிருக்காது. அதன்பின் கேட்கும் திறன் சோதனை.

மெஷின் வாங்கினால் அது பரணுக்குப் போகும் ஆபத்து முதல் வாரத்தில்தான். உங்கள் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும், கரண்டி விழுந்தால் தூக்கிவாரிப் போடும். பல காலம் கேட்காத சத்தங்களுக்கு மூளை மறுபடி பழக வேண்டும். அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் பேசி, நாளுக்குச் சில மணி நேரமாகத் தொடங்கிக் கூட்டுங்கள். கூட்டமான இடங்கள் கடைசியில். சில வாரம் கழித்தும் உறுத்தினால் கழற்றி வைக்காமல், பொருத்தியவரிடமே போய் ஒலி அளவைத் திருத்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை போக வேண்டிவருவது சகஜம்தான்.