ஒரு ஸ்டோரி பாயின்ட் என்றால் எத்தனை மணி நேரம்?

கேள்வி: எங்கள் மென்பொருள் குழு வேலைகளை ஸ்டோரி பாயின்ட்டில் அளவிடுகிறது. புதிய மேலாளர் ஒரு பாயின்ட்டை எட்டு மணி நேரமாகக் கொள்ளச் சொல்கிறார். பக்கத்துக் குழு ஒரு ஸ்பிரின்ட்டில் (சில வாரங்கள் கொண்ட ஒரு வேலைச் சுற்றில்) 60 பாயின்ட் முடிக்கிறது, நாங்கள் 32 மட்டுமே முடிக்கிறோம் என்றும் குறைபட்டுக்கொள்கிறார். நாங்கள் உண்மையிலேயே மெதுவாக வேலை செய்கிறோமா?

பதில்: இந்த இரண்டு எண்களைக் கொண்டு அதைச் சொல்லவே முடியாது. உங்கள் குழு ஏற்கெனவே முடித்த ஒரு வேலையோடு ஒப்பிடும்போது புதிய வேலை எவ்வளவு பெரியது, எவ்வளவு சிக்கலானது, அதில் இன்னும் தெரியாதவை எவ்வளவு என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்லும் எண்ணே ஸ்டோரி பாயின்ட்; அது மணி நேரக் கணக்கு அல்ல. கடவுச்சொல் மாற்றும் பக்கத்துக்கு நீங்கள் 2 என்றும் அவர்கள் 5 என்றும் வைத்திருந்தால் இரண்டுமே சரிதான். ஆகவே 60, 32 என்ற ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

எல்லோரும் அறிந்த, முடிந்துபோன இரண்டு மூன்று வேலைகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய வேலை வரும்போது 1, 2, 3, 5, 8, 13 என்ற சீட்டுகளில் ஒன்றை ஒவ்வொருவரும் தேர்ந்து, அனைவரும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். ஜேம்ஸ் கிரென்னிங் 2002இல் விவரித்த இந்தப் பிளானிங் போக்கர் முறையில், மூத்தவர் முதலில் ஓர் எண்ணைச் சொல்லிவிட, மற்றவர்கள் அதையே வழிமொழியும் நிலை தவிர்க்கப்படுகிறது. மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிக எண்ணையும் காட்டியவர்கள் காரணம் சொன்னதும் மீண்டும் சீட்டு காட்டுங்கள். 3 காட்டியவருக்குத் தெரியாத ஒரு சிக்கல் 13 காட்டியவருக்குத் தெரிந்திருப்பது அப்போதுதான் வெளிப்படும்.

பாயின்ட்டை மணி நேரமாக மாற்றும் அட்டவணையை விற்க வரும் ஆலோசகர்களிடம் மிகுந்த எச்சரிக்கையோடு இருங்கள். அந்த அட்டவணை நிறுவனத்துக்குள் நுழைந்ததும் அது ஊழியர்களின் ஆண்டு மதிப்பீட்டோடு இணைக்கப்படும்; இணைக்கப்பட்டதும் நேற்றுவரை 3 ஆக இருந்த வேலை 5 ஆகிவிடும்; வாடிக்கையாளருக்குக் கூடுதலாக ஒரு வசதிகூடக் கிடைக்காமலேயே வரைபடத்தில் மட்டும் வேகம் ஏறும். ஸ்டோரி பாயின்ட் முறையைத் தாம் கண்டுபிடித்திருக்கக்கூடும் என்று கூறும் ரான் ஜெஃப்ரிஸே, அப்படியானால் அதற்காக வருந்துவதாக எழுதும் அளவுக்கு இது தவறாகக் கையாளப்பட்டுவிட்டது. வேலையை ஸ்பிரின்ட்களாகப் பிரித்துச் செய்யும் ஸ்கிரம் முறைக்கான 2020ஆம் ஆண்டுக் கையேட்டில் ஸ்டோரி பாயின்ட் என்ற சொல்லே கிடையாது. அளவிடும் பொறுப்பு வேலையைச் செய்யப்போகிறவர்களுடையது என்றுதான் அது கூறுகிறது. நிறுவனங்கள் ஸ்கிரம் சான்றிதழ்களுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது இந்த மெல்லிய கையேட்டை நிதானமாகப் படிக்கும் நேரத்துக்கு ஒதுக்கக்கூடாதா?

பாயின்ட்டே போடக்கூடாத ஒரு வகை வேலையும் உண்டு. முன்பின் தெரியாத ஒரு வங்கியின் கட்டண இணைப்பைச் சேர்க்கச் சொன்னால், குழுவில் யாருக்கும் ஒப்பிட ஒன்றுமில்லாத நிலையில் 13 என்றோ 20 என்றோ எழுதுவது வெறும் ஊகம். அங்கே எண்ணுக்குப் பதிலாகக் கால வரம்பு வையுங்கள்: ஒருவர் இரண்டு நாள் ஆராயட்டும், கண்டறிந்ததைக் குழுவிடம் சொல்லட்டும், அதன்பின் வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து அளவிடுங்கள். ஆராய்ச்சி முடியவில்லை என்றாலும் இரண்டாம் நாள் முடிவில் நிறுத்தி, தொடர்வதா கைவிடுவதா என்று கூடிப் பேசுங்கள். வரம்பை ஓசையின்றி நீட்டிக்க விடாதீர்கள்.

மேலாளருக்கு உண்மையில் வேண்டியது தேதி. மீதமுள்ள வேலை 160 பாயின்ட், உங்கள் வழக்கமான அளவு 32 என்றால், ஐந்து ஸ்பிரின்ட் ஆகும். அண்மைய ஸ்பிரின்ட்களில் அந்த அளவு 27க்கும் 36க்கும் இடையே ஏறி இறங்கியிருந்தால், ஐந்து அல்லது ஆறு என்று சொல்லுங்கள்.