ஆயிரம் பிறையில் பாக்கி எத்தனை?

கேள்வி: ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது, வயது 61. ஆபீஸ் போன காலத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கடிகாரமே நகராது. இப்போது பேப்பர் படித்து, போனில் நாலு வீடியோ பார்த்து நிமிர்ந்தால் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடுகிறது. பயமாக இருக்கிறது சார். இனிமேல் எதையாவது ஆரம்பித்தால் முடிக்கத்தான் முடியுமா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: பத்து வயசுப் பையனுக்கு ஒரு வருடம் என்பது ஆயுசில் பத்தில் ஒரு பங்கு, உங்களுக்கு 61இல் ஒன்று, அதனால்தான் சுருங்கித் தெரிகிறது என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நான் அதை முழுசாக நம்புவதில்லை. இதே வயதில் நாலு நாள் ராமேஸ்வரம் போய்விட்டு வாருங்கள், அந்த நாலு நாளும் தனித்தனியாக ஞாபகம் இருக்கும். ஒரே மாதிரி போன நாட்களைத்தான் மனசு ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்துவிடுகிறது.

80 தாண்டினால் ஆயிரம் பிறை கண்டவர் என்று சதாபிஷேகம் செய்கிறோமே, பிறைக்குப் பிறை இருபத்தொன்பதரை நாள், ஆயிரத்துக்கு ஏறக்குறைய 80 வருடம் 10 மாதம். அந்தக் கணக்கில் உங்களுக்கு 750 தாண்டியாகிவிட்டது. என் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் யோசித்தால், போன எழுநூற்றுச் சொச்சத்தில் நான் நிஜமாகவே நிமிர்ந்து பார்த்தது பத்துகூட இருக்காது. போன வருடத்திலிருந்து மூன்றாம் பிறைக்கு மொட்டை மாடி ஏறுகிறேன். பொழுது சாய்ந்ததுமே போய்விட வேண்டும், மேற்கே வெட்டிப் போட்ட நகம் மாதிரி கொஞ்ச நேரம் நிற்கும், இறங்கிவிடும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைப்பதால் எம்பித்தான் பார்க்க வேண்டும். பன்னிரண்டில் எட்டுப் பார்த்தேன், மூன்றை மேகம் தின்றது, ஒன்றைக் கிரிக்கெட்.

முடிக்க முடியுமா என்கிறீர்கள். உ.வே.சாமிநாதையர் மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றது 1919இல், 64 வயதில். குறுந்தொகைப் பதிப்பு வந்தபோது 82. 1940இல்தான் தன் சரித்திரத்தை ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தார், 1942இல் காலமானபோது அது பாதியில் நின்றது. இன்றைக்கும் வாங்கிப் படிக்கிறோம், பாதிதானே என்று யாரும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: 57 வயதில் தலைக்கு டை அடிக்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: உங்கள் தலை, உங்கள் இஷ்டம். அடிப்பதானால் இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், சிலருக்கு அரித்து வீங்கிவிடும். உறவுக்காரர் கல்யாணத்துக்காக மட்டும் அடிக்கிறேன் என்றால் வேண்டாம், ஆல்பத்தில் ஒரு வயசு, நேரில் ஒரு வயசு என்று ஆகிவிடும்.

கேள்வி: கணவர் ரிடையர் ஆனதிலிருந்து எனக்கு ஒரு நிமிஷம் ஓய்வில்லை. மணிக்கொரு தரம் காபி, நடுவில் 'என்ன சமையல்?' எனக்கு 59 ஆகிறது. எனக்கு எப்போது ரிடையர்மென்ட்? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: காலத்தைப் பயனுள்ளதாகக் கழிக்க வேண்டும் என்று ஆண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பின்னால் இப்படி ஒரு அம்மா அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. உங்களுக்கு ஓய்வு வயசு என்று யாரும் ஆர்டர் போட மாட்டார்கள், நீங்களேதான் தேதி குறிக்க வேண்டும். அவருக்கு முதல் பாடம் காபி ஃபில்டர். மேல் டப்பாவில் பொடி மூன்று ஸ்பூன், லேசாக அமுக்க வேண்டும், ரொம்ப அமுக்கினால் டிகாக்ஷன் இறங்காது, கொதித்த தண்ணீரைச் சுற்றி ஊற்றி மூடிவிட்டுக் கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். முதல் வாரம் கழனித் தண்ணீர் மாதிரிதான் வரும். முகம் சுளிக்காமல் குடியுங்கள், 'நகரு, நானே போடுகிறேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.